வீட்டுக்கு வரக்கூடாத ஓவரால்

"எத்தினி தபா சொல்றது ரைட்டரே? அந்த ஷெட்டை நீயா பிரிக்கிறியா, இல்ல நான் கடப்பாரையோட மேல ஏறட்டுமா?"

"ஏறிப் பாரேன் குப்பு. அறுபத்தாறு வயசுல ஏணி ஏறினா அடுத்து எங்க போய்ச் சேருவேன்னு உனக்கே தெரியும்."

"என் பொண்டாட்டிக்கு நெஞ்சுல தண்ணி கோத்துகினு கீது. உனக்கு நக்கலா கீதா?"

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது குறுக்குத் தெரு. சனிக்கிழமை காலை எட்டரை மணி. சண்டையை வேடிக்கை பார்ப்பது மரியாதையில்லை என்பதால் ஆளாளுக்கு ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். துடைத்த ஸ்கூட்டரையே மறுபடி துடைத்தார் ராஜகோபாலன். மாடி வீட்டு கீதா பால் பாக்கெட்டை வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷமாக நின்றாள்.

கீழே, தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியவர் குப்புராஜ். எதிர் வீட்டு மொட்டை மாடியில், ஆஸ்பெட்டாஸ் கூரை போட்ட ஷெட்டுக்கு முன்னால், லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு பதில் சொன்னவர் ஜெபராஜ். குப்புராஜுக்குப் பின்னால், படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி ஹேமாவதி. சண்டை அவள் பெயரில்தான் நடந்தது. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு பேருமே கடற்படை. ஊர் சேலையூராக இருப்பதால் பக்கத்துத் தாம்பரம் விமானப்படைதான் என்று தெரு இருபது வருஷம் நம்பியது. குப்புராஜ் ஒவ்வொரு முறையும் "நேவி சார், நேவி" என்று திருத்துவார். கடற்படைக்கும் விமானம் உண்டு, கடலோரத்தில் அதற்கென்று தளம் உண்டு, அங்கே விமானத்துக்குப் பிரேக் மாற்றும் பட்டறை உண்டு, அதில் இருபத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர் தான் என்பதை அவர் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் ஆட்டோ பிடித்துப் போயிருப்பார். ஜெபராஜ் நிலைமை இன்னும் மோசம். கடற்படையில் குமாஸ்தாவுக்கு ரைட்டர் என்று பெயர். அதனால் தெருவில் பாதிப் பேர் அவரைப் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள். மீதிப் பேர் கதை எழுதுகிறவர் என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

நண்பர்கள்தான். ஒரே தளம், ஒரே குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றதும் ஒரே தெருவில் மனை வாங்கி எதிரெதிரே வீடு கட்டியவர்கள். அந்த நட்புக்கு மூன்று வாரம் முன்பு ஒரு டாக்டர் உலை வைத்தார்.

ஹேமாவதிக்கு மூச்சு வாங்குகிறது என்று போனார்கள். ஊசி போட்டு நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் புற்றுநோய் என்று வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாத நீளம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க எந்த ஃபேக்டரியில வேலை பாத்தீங்கம்மா?" என்று கேட்டார்.

"நான் வேலைக்கே போனதில்ல சார்."

"இது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியாலதான் வரும். உள்ள போய் முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுக்கூட வரும். வீட்ல வேற யாராவது..."

அவர் முடிப்பதற்குள் குப்புராஜ் சொன்னார்: "எதிர் வூட்ல ஆஸ்பெட்டாஸ் ஷீட்டு போட்ருக்கான் சார். எங்க கிச்சன் ஜன்னலுக்கு நேரா."

ஆஸ்பெட்டாஸ் என்றால் தாம்பரத்தில் யாருக்கும் கூரைதான் ஞாபகம் வரும். ஹேமாவதிக்கும் அதுதான் வந்தது. இன்னும் ஒரு வருஷம்தான் தாங்கும், கொஞ்சம் கூடவும் ஆகலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தவளுக்கு, எதிர் வீட்டு மாடி கண் முன்னால் நின்றது. வண்டி கேம்ப் ரோடு திரும்புவதற்குள் குப்புராஜ் ஷெட்டுக்குத் தேதி குறித்துவிட்டார். வார்டு ஆபீசில் மனு கொடுத்தார். இன்றைக்குக் கடப்பாரை வரை வந்துவிட்டார்.

"ஏங்க, போதும், உள்ள வாங்க" என்றாள் ஹேமாவதி.

"நீ சும்மாரு. உனக்குத்தான் பேசிகினு கீறேன்."

ஜெபராஜின் மனைவி தபீதாள் ஈரத் துணி வாளியோடு மாடிக்கு வந்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். சத்தம் போட மாட்டாள், கேள்விதான் கேட்பாள்.

"குப்பு அண்ணே, இந்த ஷெட்டுக்கு அடியிலதான் நான் இருபது வருஷமா துணி காயப்போடறேன். எனக்கு வராம, ரோட்டைத் தாண்டி வந்து ஹேமாவுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

தெரு இதை யோசிக்கவில்லை. ராஜகோபாலன் துடைப்பதை நிறுத்தினார்.

"அதெல்லாம் உடம்பு வாகு" என்றார் குப்புராஜ். "உங்க வூட்டுக்காரர் மாதிரியே உங்களுக்கும் நெஞ்சு கல்லு."

ஜெபராஜ் கைப்பிடிச் சுவர் வரை வந்தார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல்தான் தெருவுக்கு நன்றாகக் கேட்கும்.

"மச்சான், வேணாம். இத்தோட உள்ள போயிடு. தொண்ணூத்து மூணுல நான் உனக்குப் படிச்சுக் காட்டின ஆர்டரை இங்க நின்னு படிக்க வெச்சுடாத."

குப்புராஜ், "மோட்டார் ஓடிகினு கீது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். மோட்டார் ஓடவில்லை. காலையிலிருந்து கரண்டே இல்லை.

கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் பாதிச் சண்டையில் எழுந்து போனதை ஹேமாவதி பார்த்ததில்லை. தோற்றாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும். படியில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். டாக்டர் கேள்வியை முடிக்கும் முன் அவர் பதில் சொன்னதும் அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் குப்புராஜ் தூங்கியதும், தபீதாளின் டிபன் கேரியரைத் திருப்பித் தரும் சாக்கில் எதிர் வீட்டுக்குப் போனாள். கேரியர் ஆறு மாசமாக அவள் வீட்டில்தான் இருந்தது. அன்றைக்கு என்ன அவசரம் என்று கீதா மாடியிலிருந்து யோசித்தாள்.

"அண்ணா, அது என்ன ஆர்டர்?"

ஜெபராஜ் பேப்பரை மடித்தார், விரித்தார். "அது பழைய ஆபீஸ் விஷயம்மா."

"முப்பது வருஷத்துக்கு முந்தின ஆபீசுக்கு இன்னுமா பூட்டு?"

"எடுத்துக் காட்டுங்க" என்றாள் தபீதாள். "இல்லாட்டி நான் எடுக்கறேன். எந்த டிரங்குப் பெட்டின்னு எனக்குத் தெரியும்."

ரைட்டர் புத்தி எதையும் தூக்கிப் போடாது. பழுப்புக் கோப்பு ஒன்று வந்தது. உள்ளே கார்பன் காகிதத்தில் அடித்த நகல். நீலம் கரைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கீழே வரிசையாகப் பதினோரு கையெழுத்து. முதலாவது டெனிஸ். நான்காவது, கடைசி எழுத்தைச் சுழித்து வாலாக்கிய கையெழுத்து. ரேஷன் கார்டில், மகள் சந்திரிகாவின் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில், வீட்டுப் பத்திரத்தில் அதே வால்.

"தமிழ்ல சொல்லுங்க அண்ணா."

ஜெபராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோர்ட்டில் படிப்பது போலப் படித்தார். "பிரேக் தூள்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கறதால, பிரேக் பட்டறையில வேலை பாக்கறவங்க, வேலை நேர ஓவராலைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஸ்டேஷன் லாண்டிரியிலதான் போடணும். குடும்பத்துல யாரும் அதைத் தொடக் கூடாது, உதறக் கூடாது, துவைக்கக் கூடாது."

"உதறக் கூடாதுன்னே போட்டிருக்கா?"

"ஆமாம்மா."

குவார்ட்டர்ஸில் பின்பக்கம் ஒரு குட்டி பால்கனி. வாரத்துக்கு மூன்று ஓவரால், சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த பட்டறை உடுப்பு. ஊறவைக்கும் முன் தோள்பட்டையைப் பிடித்து ஓங்கி உதறுவாள். தண்ணீரில் அப்படியே போட்டால் அழுக்கு துணியிலேயே பிடித்துக்கொள்ளும் என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். பட்டறையில் பிரேக்கைப் பிரித்துக் காற்றுக் குழாயால் ஊதுவார்களாம். அந்தத் தூள் மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருக்கும். உதறினால் வெயிலில் மினுமினுவென்று மிதக்கும். சந்திரிகா அதைப் பிடிக்கக் குதிப்பாள்.

இதில் இன்னொன்று உண்டு. அது தெருவுக்குத் தெரியாது, ஹேமாவதிக்கு மட்டும் தெரியும். அவள் சாம்பாரை அவர் பாராட்டியதில்லை. புதுப் புடவை கட்டினால் கவனித்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த ஓவராலை மாட்டிக்கொண்டு, "லாண்டிரிக்காரன் பட்டனெல்லாம் உடைக்கிறான். உன் கை பட்டாத்தான் ஓவரால் ஓவராலா கீது" என்பார். வாரா வாரம் சொல்வார். குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் துணியை லாண்டிரிக்கு அனுப்பிவிட்டுக் கதை பேசிக்கொண்டிருக்க, அவள் மட்டும் அந்த ஒரு வரிக்காகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண வாழ்க்கையில் அவள் சேர்த்து வைத்த நகை அதுதான்.

"எந்த மாசம் அண்ணா?"

"தொண்ணூத்து மூணு ஆகஸ்ட்."

குப்புராஜ் ஓய்வு பெற்றது தொண்ணூற்றொன்பதில்.

"அவர் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

ஜெபராஜ் மின்விசிறியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரும்போது பின்னாடி காயும். பாத்திருக்கேன்."

"பாத்துட்டு, மீன் குழம்பு நல்லாருக்குன்னு சொன்னீங்க."

தபீதாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எத்தனை நாள் அந்த வீட்டில் தங்கியது என்பதற்குப் பக்கத்து வீட்டார் சாட்சி.

"சொல்லாத மச்சான், ஹேமா பயந்துடுவான்னு குப்பு சொன்னான்" என்றார் கடைசியில். "எனக்கும் அப்ப புத்தி அவ்வளவுதான். படிச்சுக் காட்டியாச்சு, கையெழுத்து வாங்கியாச்சு, ரைட்டர் வேலை முடிஞ்சதுன்னு இருந்துட்டேன்."

பிறகு அவர் சொன்னதுதான் ஹேமாவதியை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. பட்டறையில் வேலை பார்த்த டெனிஸ் போன வருஷம் நுரையீரல் கெட்டுச் செத்துப் போனார். இன்னும் இரண்டு பேர் ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக்கு ஜெபராஜ்தான் செயலாளர். எல்லோருக்கும் நெஞ்சு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கடற்படைக்கு எழுதிப் போட்டு, ஆண்களுக்கு அனுமதி வாங்கிவிட்டார். மனைவிகளுக்கும் கேட்டார். ஆர்டர் இருந்திருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், எனவே ஓவரால் வீட்டுக்குப் போகவில்லை, எனவே குடும்பத்தாருக்குப் பாதிப்பு என்ற பேச்சே எழவில்லை என்று பதில் வந்தது.

"பேப்பர்படி உனக்கு இந்த வியாதி வர வழியே இல்லம்மா."

"வந்திருக்கே."

"பட்டறை ஆள் யாராவது ஒருத்தன், நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்னு எழுதிக் கொடுக்கணும். ஒருத்தனும் எழுத மாட்டேங்கறான். டெனிஸோட சம்சாரம் ரத்தினபாய் குரோம்பேட்டையில இருமிக்கிட்டிருக்கா."

சாயங்காலம் ஆறு மணிக்குக் குப்புராஜ் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமாவதி அதை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மடியில் அந்த நகலின் ஜெராக்ஸ்.

"லாண்டிரிக்காரன் நிஜமாவே பட்டன் உடைச்சானா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"ரெண்டு மாசம் அங்கதான் போட்டேன். கந்தல் மாதிரி கசங்கி வந்துச்சு. கமாண்டர் ஒருவாட்டி என் ஓவராலக் காட்டி, எல்லாரும் இப்பிடி வரணும்னு சொன்னவர். அவருக்கு முன்னாடி அதை மாட்டிகினு எப்பிடி நிக்கிறது?"

"அதுக்காகவா?"

"பதினஞ்சு வருஷம் மூக்கைக் கட்டிக்க ஒரு கைத்துண்டு குடுத்தானுங்க ஹேமா. அதுவும் எங்க கைத்துண்டு. ஒரு கேள்வி கிடையாது. தொண்ணூத்து மூணுல திடீர்னு ஒரு பேப்பர் வருது. இது பேஜாரு, தொடாதேன்னு. அப்ப அதுவரைக்கும் உள்ள போனது இன்னா? எவன் சொன்னான்? எங்களையும்தான் ஏமாத்தினானுங்க."

"ஏமாத்தினாங்கதான். அது உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. எனக்கு இன்னைக்கு மத்தியானம் தெரிஞ்சுது."

"ஊதினவன் நான். எனக்கே ஒண்ணும் ஆகல. துவைச்ச உனக்கு ஆகும்னு எவனுக்குத் தெரியும்?"

"ஆர்டர் எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உதறக் கூடாதுன்னு போட்டிருக்கானே." இருமல் வந்தது. அது முடியும் வரை இருவரும் காத்திருந்தார்கள். "ஜெபராஜ் அண்ணா ஷெட்டை ஏன் இழுத்தீங்க?"

"யாராவது ஒருத்தன் காரணமா இருக்கணும்ல."

அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்பது போல.

ஹேமாவதி ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் டீப்பாயில் வைத்தாள். "நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன், என் மனைவி துவைச்சான்னு எழுதுங்க. ஒரு வரி போதும். எனக்கு இனிமே ஸ்கேன் வேணாம். மத்தவங்களுக்கு எடுப்பாங்க. ரத்தினபாய்க்கு எடுப்பாங்க."

"ஆர்டரை மீறினேன்னு என் கையால எழுதச் சொல்றியா? இருபத்து மூணு வருஷத்துல ஒரு ரிமார்க் கிடையாது எனக்கு."

"சரி, வீட்டுக்குள்ளயே சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சேதான் குடுத்தேன்னு."

குப்புராஜ் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "இப்ப சொன்னா உன் வியாதி போயிடுமா? ரெஸ்ட் எடு" என்றார். கேம்ப் ரோட்டு டீக்கடைக்குப் போனார். திரும்பி வரும்போது அவளுக்குப் பிடிக்கும் என்று மெதுவடை வாங்கி வந்தார். தாள் வெள்ளையாகவே இருந்தது.

மூன்று நாள் அந்தத் தாளை அவள் டீப்பாயிலிருந்து எடுக்கவில்லை. அவர் அதன் மேல் செய்தித்தாளை வைத்தார். அவள் செய்தித்தாளை எடுத்தாள். அவர் தண்ணீர் செம்பை வைத்தார். நான்காம் நாள் தாளில் செம்பின் வட்டம் மட்டும் பதிந்திருந்தது. அன்று மத்தியானம் அவள் பள்ளிக்கரணையில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள்.

ஒரு சூட்கேஸ், மருந்துப் பை, ஸ்கேன் படங்கள். குப்புராஜ் கேட் வரை வந்தார். "எத்தினி நாளைக்கு?" என்று சந்திரிகாவைக் கேட்டார். சந்திரிகா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஹேமாவதி காற்று மாற்றத்துக்குப் பள்ளிக்கரணை போயிருக்கிறாள் என்று குப்புராஜ் தெருவில் சொன்னார். குப்பை மேடு நாறிய அந்தப் பக்கத்துக்குக் காற்று மாற்றத்துக்காகப் போன முதல் ஆள் அவள்தான் என்று ராஜகோபாலன் சொன்னார். தெரு சிரித்தது. ஆனால் அந்தக் கார்பன் நகலின் விஷயம் அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்ததால், சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. கீதா ஒருநாள் தன் புருஷனின் யூனிபாரத்தைக் கையில் எடுத்து, அவன் கம்பெனியில் என்னதான் செய்கிறான் என்று முதல் தடவையாகக் கேட்டாளாம்.

எழுதியது ஜெபராஜ்தான். ஓவரால் குவார்ட்டர்ஸுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் மேலே சொல்லவில்லை, அது என் கடமைத் தவறு என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் பெரிய ரகளை. எங்களையெல்லாம் மாட்டிவிடப் பார்க்கிறாயா என்று பட்டறைக்காரர்கள் பாய்ந்தார்கள். செயலாளர் பதவியை விட்டு இறக்கினார்கள். நாலு மாசம் கழித்து, மனைவிகளும் ஸ்கேனுக்கு வரலாம் என்று கடிதம் வந்தது. ரத்தினபாய்க்கு வெறும் அலர்ஜி. ஒன்றுமில்லாததற்கு ஒருநாள் போச்சு என்று சலித்துக்கொண்டாள். ஆவடியில் இருக்கும் இன்னொரு பட்டறைக்காரர் மனைவிக்குத்தான் ஆரம்பத்திலேயே ஏதோ புள்ளி தெரிந்ததாம். அவளுக்கு வைத்தியம் நடக்கிறது.

ஜெபராஜ் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனார். ஹேமாவதி வாங்கிப் படித்தாள். காபி கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை.

குப்புராஜ் வாரம் ஒருமுறை மகள் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனார். ஹாலில் உட்கார்ந்து பேரனோடு பேசிவிட்டு வருவார். ஹேமாவதி உள் அறையில் படுத்திருப்பாள். கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கு அவருக்குப் பத்து அடி தூரம். அதை அவர் கடக்கவில்லை.

மே மாசம் ஜெபராஜ் மகன் ஜாய்சனுக்கும் டெபோராவுக்கும் சேலையூரில் கல்யாணம். ஹேமாவதி வந்திருந்தாள், சக்கர நாற்காலியில், தபீதாள் எடுத்துக் கொடுத்த பச்சைப் பட்டில். குப்புராஜ் தனியாக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, பந்திக்கு முன்பே போய்விட்டார். கல்யாணம் நடந்த இடத்திலிருந்து அவள் வீடு ஐந்து நிமிஷம். அவள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை. ஜூலையில் பள்ளிக்கரணையிலேயே போய்ச் சேர்ந்தாள்.

குப்புராஜ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வண்டலூருக்கு அந்தாண்டை தம்பி சக்திவேலின் வீட்டு மாடிக்குப் போனார். அங்கே அவரை விமானப்படை என்கிறார்களாம், அவரும் திருத்துவதில்லையாம். ஜாய்சனுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பிரேக் பிரிவு என்று தெரிந்ததும் டெபோரா அவனை வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்க வைத்தாள். மாற்றல் கிடைத்த மறு வாரம் இரண்டு பேரும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.